மலைக்கு மட்டும் ஒரு மஞ்சள் கயிறு

எங்கள் செவிலியர் பள்ளியின் விதிப்படி மாணவி திருமணமாகாதவளாக இருக்க வேண்டும். படிப்பு முடிவதற்குள் கழுத்தில் தாலி ஏறினால் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஏலமலையில் வேலை செய்த பெண்களின் விதிப்படி, பிரசவம் பார்க்கிறவள் தானும் ஒரு பிள்ளையாவது பெற்றவளாக இருக்க வேண்டும். இந்த இரண்டு விதிகளையும் செய்தவர்கள் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை. நடுவில் நாங்கள் நின்றோம், முழங்கை வரை சோப்பு நுரையோடு.

எழுபதுகளின் கடைசி வருஷங்கள். மகப்பேறு பயிற்சிக்காக எங்கள் வகுப்பை முதலில் போடிநாயக்கனூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கால அட்டவணையில் அதற்குச் 'செய்முறைப் பயிற்சி' என்று பெயர். செய்தது என்னவோ ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான். அங்கிருந்த மூத்த நர்சுகள் பல வருஷமாகப் பிரசவம் பார்த்தவர்கள். அவர்களுடைய கை வேலை செய்கிற இடத்தில் இன்னொரு கை நுழைய இடமிருக்காது. "பக்கத்துல நின்னு பாரு, அது போதும்" என்பார்கள். பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் யாரோ ஒருவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து பிறந்தன.

எனக்குச் சும்மா நிற்க வராது. அடுக்கி வைத்த கருவிகளை மறுபடி அடுக்குவேன். கொதிக்க வைத்த ஊசிகளை எண்ணுவேன். மற்றவர்களுக்கு எப்படியோ ஆளுக்கொரு கேஸ் அமைந்துவிட்டது. எனக்கு வந்த ஒருத்திக்கு ஆயுதம் போட வேண்டியிருந்ததால் டாக்டர் எடுத்துக்கொண்டார். இன்னொருத்தி மலையிலிருந்து வருகிற வழியில், கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஜீப்பிலேயே பெற்றுவிட்டாள். என் பயிற்சி அந்த டிரைவருக்குப் போய்ச் சேர்ந்தது. கை கழுவுவதில் தொடங்கி நஞ்சுக்கொடி வெளியே வரும்வரை, டியூட்டரின் கண் முன்னால் ஒரு பிரசவத்தையாவது என் கையால் முடிக்காவிட்டால் நான் பரீட்சை எழுத முடியாது. மலைத் தோட்டத்தில் நடக்கும் முகாம்தான் எனக்குக் கடைசி வாய்ப்பு.

பரீட்சை எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதில் குழப்பமே இல்லை. ராசிங்காபுரத்தில் எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். அப்பா என்னைப் படிக்க அனுப்பும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: "ஒரு பேச்சு வரக் கூடாது. வந்துச்சு, மறுநாளே வீட்டுல இருக்கணும்." தேவாரத்தில் ஒரு மாப்பிள்ளை வீடு பார்த்து வைத்திருந்தார்கள். தோப்பும் துரவுமாக நல்ல இடம். யானை வந்து வாழையை மிதித்துப் போன வருஷங்களைத் தவிர. நான் எப்போது வீட்டுக்கு வருவேன் என்று அவர்கள் காத்திருந்தார்கள். நான் வராமலிருப்பதற்குப் படிப்பைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை.

தோட்டம் போடிமெட்டைத் தாண்டி இருந்தது. ஓடு வேய்ந்த சின்ன ஆஸ்பத்திரி. ஒரு பிரசவ அறை, வெளி நோயாளிகளுக்கு ஒரு தாழ்வாரம், ஒரு கம்பவுண்டர், பிரசவம் பார்த்துப் பழகிய ஒரு ஆயா. நாங்கள் நான்கு மாணவிகள், ஒரு டியூட்டர். டியூட்டர் மலையாளி. நாற்பதைத் தாண்டியவர், மணம் செய்துகொள்ளாதவர். அவருக்கு உலகம் இரண்டாகப் பிரிந்திருந்தது: கிருமி நீக்கியது, கிருமி நீக்காதது. மனிதர்கள் எல்லோரும் இரண்டாவது பிரிவைச் சேர்ந்தவர்கள்.

போன மறுநாளே முதல் கேஸ் வந்தது. எங்களில் ஒருத்தி உத்தமபாளையத்துக்காரி, வாய் அதிகம். அவள்தான் கை கழுவிக்கொண்டு போனாள். பிரசவத்துக்கு வந்தவளின் தாய் வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஒனக்கு எத்தன பிள்ளைக?"

"இன்னும் கல்யாணமே ஆகல ஆத்தா."

"அப்ப நீ எதுக்கு இங்கன வர்ற? வெளிய இரு தாயி. இதெல்லாம் நீ பாக்கக் கூடாது."

கன்னிப் பெண் கை பட்டால் பிள்ளை இறங்கத் தயங்கும் என்பது மலையில் ஒரு நம்பிக்கை. பிரசவம் தாமதமாவதற்கான காரணங்களில் பாடப்புத்தகம் இதைச் சொல்லவில்லை. டியூட்டர் வந்து வாதாடிப் பார்த்தார். அந்த அம்மாள் டியூட்டரின் கழுத்தையும் பார்த்தாள். வாதம் அத்தோடு முடிந்தது. ஆயாதான் பிரசவம் பார்த்தாள். நாங்கள் நான்கு பேரும் தாழ்வாரத்தில் ஈரக் கைகளை மேலே தூக்கிப் பிடித்தபடி நின்றோம். கழுவிய கையைத் தொங்கவிடக் கூடாது என்பது விதி.

அன்று சாயங்காலம் உத்தமபாளையத்துக்காரி போடிமெட்டுக் கடைக்குப் போய் ஒரு மஞ்சள் கயிறு வாங்கி வந்தாள். அதில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டினாள். கயிறு ஒன்றுதான், யாருக்குக் கேஸோ அவள் கழுத்தில் ஏறும். டியூட்டர் வருகிற சத்தம் கேட்டால் யூனிபாரத்துக்குள் தள்ளிவிட வேண்டும். அவர் போனதும் வெளியே எடுத்துவிட வேண்டும். கன்னியாக இருந்தால் நோயாளி விரட்டுவாள், கயிறோடு பார்த்தால் பள்ளி விரட்டும் என்ற நிலையில் எங்களுக்கு இதைவிட நல்ல யோசனை தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

யோசனை பலித்தது. அடுத்த கேஸை உத்தமபாளையத்துக்காரியே பார்த்தாள். தனக்கு இரண்டு பையன்கள் என்று சொல்லிவைத்தாள். காலையில் மூத்தவனுக்கு மூன்று வயது. மத்தியானம் பேச்சுவாக்கில் அவன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு படிக்கத் தொடங்கிவிட்டான். பிரசவ வலியில் இருப்பவள் கணக்குப் பார்க்க மாட்டாள் என்பது அவளுடைய துணிச்சல்.

பிறகு என் முறை. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளில் ஒருத்திக்கு எந்த நேரமும் வலி வரலாம் என்று ஆயா சொன்னாள். கயிறு என் கழுத்துக்கு வந்தது. நாள் முழுக்கப் போட்டிருந்தேன். மஞ்சள் வியர்வையில் கரைந்து காலரில் ஒட்டியது. வேறு எவள் கழுத்திலோ இருக்க வேண்டியது போல அரித்துக்கொண்டே இருந்தது.

ஐப்பசி மாசம். ஏலக்காய் எடுப்பு மும்முரமாக நடந்த நேரம். கீழே போடியிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஜீப்புகள் ஆட்களை அடைத்துக்கொண்டு விடியலில் ஏறும். சாயங்காலம் அதே லோடை இறக்கிக்கொண்டு போகும். அப்படி வந்த ஒரு பெண் மத்தியானம் தாழ்வாரத்துக்கு வந்தாள். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து கணுக்காலில் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது. நான் குனிந்து புண்ணைத் துடைத்தேன். கயிறு வெளியே விழுந்து ஆடியது. கால் அசையாமல் இருக்கிறதே என்று நிமிர்ந்தால், அவள் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தை. பிறகு மறுபடியும் கயிற்றை.

"நீ கெணத்து வீட்டு மகதான?"

எங்கள் தெருதான். நான்கு வீடு தள்ளி.

"ஆமா சின்னாத்தா."

"ம்."

"சின்னாத்தா, இது சும்மா..."

"நான் என்னத்தக் கேட்டேன்? நீ ஒன் சோலியப் பாரு ஆத்தா. கட்ட நல்லா இறுக்கிப் போடு."

அதற்குள் டியூட்டரின் செருப்புச் சத்தம். கயிற்றை உள்ளே தள்ளினேன். அதையும் அவள் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் தெரியாத தாலி என்று அவளுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. மாத்திரையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, நொண்டாமல் வேகமாகப் போனாள்.

கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எங்கள் ஊரில் ஒருத்தி ஒன்றும் கேட்காமல் போனால், கேட்கத் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம்.

சாயங்காலம் ஜீப்புகள் இறங்கத் தொடங்கியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இப்போது மெட்டைத் தாண்டியிருக்கும். இப்போது போடியில் டீக்கடையில் நிற்கும். பின் சீட்டில் எட்டுப் பேர், மடியில் நான்கு பேர். அவள் வாயைத் திறக்காமல் வர முடியாது, அவ்வளவு நெருக்கத்தில் திறந்தால் ஒருவர் காதுக்கு மட்டும் சொல்லவும் முடியாது. தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன்.

"ஏண்டி அலையுற? ஒக்காரு. அவ மறந்திருப்பா" என்றாள் உத்தமபாளையத்துக்காரி.

"எங்க ஊருக்காரியா? மறக்குறதா?"

"அப்ப மாப்ள பேரு என்னன்னு யோசிச்சு வச்சுக்க. வர்றவுக மொதல்ல அதத்தான் கேப்பாக."

"வாய மூடு."

"மலையாளத்தான்னு மட்டும் சொல்லிராத. ஒங்கப்பன் அருவாளோட வருவாரு."

மறுநாள் காலையில் அந்தப் பெண் வந்தாள். முதல் பிள்ளை. இரண்டு நாளைக்கு முன்பு வரை குனிந்து காய் எடுத்தவள். தோட்டத்துச் சரிவில் மாமியார் கையைப் பிடித்துக்கொள்ள, தானே நடந்து ஏறி வந்தாள். வலி வரும்போது ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, விட்டதும் மறுபடி நடந்தாள். டியூட்டர் என்னைப் பார்த்து, "இது நின்டெ கேஸ், நீதான் பார்க்கணும். ஞான் தொடில்லா. கண்ணு மட்டும் வைக்கும்" என்றார்.

அவர் கருவிகளைப் பார்க்க உள்ளே போன இடைவெளியில் கயிற்றை வெளியே எடுத்துவிட்டேன். மாமியார் முதலில் என் கழுத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் முகம்.

"எத்தன பிள்ள?"

"ஒண்ணு."

"ஆம்பளையா, பொட்டையா?"

"பொட்டப்பிள்ள."

"யாரு வச்சிருக்கா?"

"எங்கம்மா."

"பால் மறந்திருச்சா?"

"மறந்திருச்சு ஆத்தா."

என் அம்மாவுக்கு அவள் அறியாமலே ஒரு பேத்தியைக் கொடுத்துவிட்டு, அந்தப் பேத்திக்குப் பாலையும் நிறுத்திவிட்டேன். மாமியார் திருப்தியடைந்து அறையின் மூலையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். வெளியே இருக்கச் சொல்ல டியூட்டர் முயன்றார். "நீங்க பாருங்க ஒங்க சோலிய, நான் என் மருமகளப் பாத்துக்கிர்றேன்" என்று பதில் வந்தது. மலையில் அதற்கு மேல் வற்புறுத்தினால் கேஸே கையை விட்டுப் போய்விடும்.

முதல் கட்டம் என்பது காத்திருப்பு. வலியின் இடைவெளி பார்க்க வேண்டும். நாடி பார்க்க வேண்டும். மரக் குழலை வயிற்றில் வைத்து, காதை அழுத்தி, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க வேண்டும். குழலைக் கையால் பிடிக்கக் கூடாது, காதால்தான் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு காதுதான் அதற்குத் தேவை. இன்னொரு காது எனக்கு மிச்சமிருந்தது. அது ரோட்டில் இருந்தது. கீழே வளைவில் ஒவ்வொரு ஜீப்பும் கியர் மாற்றுகிற சத்தம் அந்தக் காதுக்குள் வந்தது. கடந்து போகிறதா, நிற்கிறதா? கடந்து போய்விட்டது. மறுபடி குழல். மறுபடி ரோடு.

"எண்ணம் எவிடே?" என்றார் டியூட்டர். "துடிப்பு எண்ணிக்கை சொல்லு."

சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். என் நாடியை எண்ணியிருந்தால் அது குழந்தையுடையதைத் தோற்கடித்திருக்கும்.

மத்தியானம் தாண்டியதும் வலி நெருங்கியது. கர்ப்பப்பை வாய் முழுவதும் திறந்துவிட்டது. அவளை மேஜையில் ஏற்றினோம். நான் கயிற்றை இன்னும் ஆழமாக உள்ளே தள்ளிவிட்டு, நகத்தில் தொடங்கி முழங்கை வரை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினேன். கிருமி நீக்கிய கவுனுக்குள் கையை நுழைத்தேன். ஆயா பின்னால் முடிச்சுப் போட்டாள். கையுறை. இனி என் கைக்கு மார்புக்கும் இடுப்புக்கும் நடுவே இருக்கும் இடம் மட்டும்தான் உரியது. மூக்கு அரித்தாலும் தொடக் கூடாது.

ஒரு ஜீப் வளைவில் கியர் மாற்றியது. கடந்து போகவில்லை.

தாழ்வாரத்தில் ஒரு செருமல் கேட்டது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, சண்டைக்கு முன்னால் தொண்டையைச் சரிசெய்துகொள்கிற செருமல். எங்கள் வீட்டில் கோபப்படுகிற பொறுப்பை அப்பா அவரிடம்தான் ஒப்படைத்திருந்தார்.

"இங்கன ராசிங்காபுரத்துப் பிள்ள ஒண்ணு நர்சுக்குப் படிக்குதே, எங்க?"

"உள்ள கேஸு பாக்குது" என்றான் கம்பவுண்டர்.

"வரச் சொல்லு."

"வர முடியாதுங்க. பிரசவம்."

"வரச் சொல்லுங்கறேன்!"

இந்தப் பக்கம் மேஜையில் அவள் முக்கினாள். தலை தெரிந்தது, வலி விட்டதும் உள்ளே போனது. அடுத்த வலியில் இன்னும் கொஞ்சம் தெரிந்தது. தலை ஒரேயடியாகப் பாய்ந்து வந்தால் கிழிந்துவிடும். ஒரு கையால் தலையை மெதுவாகக் குனிய வைத்துப் பிடித்து, இன்னொரு கையால் கீழே துணி வைத்துத் தாங்க வேண்டும். நான் குனிந்தேன். கவுனின் கழுத்து அகலம். மஞ்சள் கயிறு சாவகாசமாக வெளியே வந்து, கிருமி நீக்கிய பச்சைத் துணிகளுக்கு மேலே ஆடியது.

என்னால் அதைத் தொட முடியாது. இரண்டு கையும் அங்கே இருந்தன. எடுத்தாலும் கையுறை கெட்டுவிடும்.

"எந்தா இது?" என்றார் டியூட்டர். "கழுத்திலே எந்தா?"

பதில் சொல்ல நேரம் கொடுக்கவில்லை. அவர் கேட்டது யார் கட்டியது என்பதை அல்ல. கிருமி உள்ள ஒரு கயிறு, கிருமி இல்லாத இடத்துக்கு மேல் ஆடுகிறது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். டெட்டால் ஜாடியிலிருந்த நீள இடுக்கியை எடுத்தார். கயிற்றைப் பிடித்து என் தோளுக்கு மேல் இழுத்தார். பாக்கெட்டிலிருந்து பேண்டேஜ் வெட்டுகிற கத்திரிக்கோலை எடுத்தார். தொப்புள்கொடிக்கு வைத்திருந்த கத்திரிக்கோலைத் தொடவில்லை. அந்த நேரத்திலும் அவ்வளவு ஒழுங்கு. ஒரு வெட்டு. கயிறும் மஞ்சளும் குப்பை வாளியில் விழுந்தன.

பிறகு மாமியார் எழுந்தாள்.

"அடிப் பாவி மகளே! தாலிய அறுத்துட்டாளே! சுமங்கலி கழுத்துல கத்திரியப் போட்டுட்டாளே! எம் மருமக பிள்ள பெறுற நேரத்துலயா!"

வெளியே வேலை முடிந்து ஊருக்கு இறங்க ஜீப்பைச் சுற்றி நின்ற கூட்டம் முழுவதற்கும் இது கேட்டது. சித்தப்பாவின் குரல் அதற்கு மேல் எழும்பியது. "யாரு கட்டுன தாலிடி அது? யாரு அறுத்தது? வெளிய வாடி!"

"ஆரா அவிடே ஒச்சை வைக்கிறது? இது சந்தையா?" என்று டியூட்டர் கதவைப் பார்த்துக் கத்தினார். தான் எதை வெட்டினோம் என்று அவருக்கு அப்போதும் விளங்கவில்லை. ஒரு மூலையில் நின்ற உத்தமபாளையத்துக்காரி சிரிப்பை அடக்க வாயில் துணியைத் திணித்துக்கொண்டாள்.

மேஜையில் இருந்தவள் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். அதுதான் உண்மையான ஆபத்து. பிள்ளையின் தலை வாசலில் நிற்கிறது. தாய் தொடையைச் சேர்த்துக்கொண்டு இறங்கிப் போகப் பார்க்கிறாள். "எனக்கு வேணாம் அத்தே, இங்கன வேணாம், தாலி அறுந்த எடத்துல எம் பிள்ள வேணாம்" என்று அழுதாள்.

டியூட்டர் முன்னால் சொன்னால் ஏமாற்றியது தெரியும். இவள் முன்னால் சொன்னால் இவள் என்னைத் தொட விடமாட்டாள், கேஸ் போகும். சொல்லாவிட்டால் வெளியே நிற்கிறவர் என்னை இழுத்துக்கொண்டு போவார். மூன்றையும் நிறுத்துப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவள் எழுந்தால் பிள்ளை என்ன ஆகும் என்பதைத் தவிர வேறு எதுவும் நினைவில் இல்லை.

"அது தாலி இல்ல!" என்று கத்தினேன். மலைக்கே கேட்டிருக்கும். "சும்மா கயிறு! கடையில வாங்குனது! எனக்குக் கல்யாணமே ஆகல!"

அவள் பாதி எழுந்தபடி நின்றாள். "ஆகலையா?"

"ஆகல."

"அப்ப அந்தப் பொட்டப்பிள்ள?"

"பிள்ளையும் இல்ல. பொய்யி."

"பொய்க்காரச் சிறுக்கி" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. வலிக்கு என் திருமணம் பற்றிக் கவலையில்லை. அவள் தொம்மென்று பின்னால் சாய்ந்தாள்.

மாமியார் என் பக்கம் வந்தாள். "கைய எடு நீ. ஆயாவக் கூப்புடு."

"கைய எடுத்தான்னா கொன்னுருவேன்!" என்று மேஜையிலிருந்து குரல் வந்தது. "அத்தே, நீங்க சும்மா இருங்க! கன்னியோ கிழவியோ... ஏய், விட்டுராதடி!"

விடவில்லை. வாயால் மூச்சு விடச் சொன்னேன். தலை மெல்ல வந்தது. நெற்றி, மூக்கு, தாடை. கழுத்தைத் தடவிப் பார்த்தேன். கொடி ஒரு சுற்று சுற்றியிருந்தது, தளர்வாக. தலைக்கு மேல் எடுத்துக் கழற்றினேன். இங்கே வெட்டத் தேவையிருக்கவில்லை. முன் தோள், பின் தோள், பிறகு முழுப் பிள்ளையும் வழுக்கிக்கொண்டு கைக்கு வந்தது. ஆண். சளியை உறிஞ்சியதும் அழுதான். கொடியைக் கட்டி வெட்டிப் பிள்ளையை உத்தமபாளையத்துக்காரியிடம் கொடுத்தேன்.

இனி நஞ்சுக்கொடி. இதில்தான் மாணவிகள் தோற்பார்கள். கொடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் பாதி உள்ளே தங்கும், இரத்தம் கொட்டும், தாய் போய்விடுவாள். தானே பிரியும்வரை காத்திருக்க வேண்டும்: கொடி நீளும், கொஞ்சம் இரத்தம் வரும், வயிறு பந்துபோல் இறுகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நான் நின்றேன். வெளியே ஜீப் ஹாரன் அடித்தது.

"அண்ணே, வர்றீகளா இல்லையா? மூடுபனி எறங்கிருச்சு. வளைவுல ஒண்ணும் தெரியாது."

"இருப்பா, அவளக் கூட்டிக்கிட்டு வர்றேன். ஏய், வெரசா வாடி!"

மறுபடி ஹாரன். கொடி என் விரலுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒரு சின்ன இழுப்பு. அத்தோடு எல்லாம் முடிந்துவிடும், வெளியே போய் அவர் காலில் விழலாம், விளக்கலாம். விரல் கொடிக்கு மேல் போனதை உணர்ந்தேன். டியூட்டர் கொடியைப் பார்க்கவில்லை. என் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரலை மடக்கிக்கொண்டேன்.

கழுவித் துடைத்த பேரனைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மாமியார் வெளியே போனாள். அவளுக்குத் தன் ஆத்திரத்தைக் காட்ட ஒரு ஆள் தேவைப்பட்டது, சித்தப்பா அகப்பட்டார்.

"நீங்கதான் அதப் பெத்தவரா?"

"சித்தப்பன்."

"கல்யாணம் ஆகாத பிள்ளையப் பிள்ள பெறுற எடத்துக்கு அனுப்பிட்டு, இப்ப வந்து கத்துறீகளே, வெக்கமா இல்ல?"

"ஆகலைங்கறது நெசந்தானா?"

"ஆகலையாம். அவளே சொன்னா. எங்கிட்ட எதுக்குக் கேக்குறீக? உள்ள போயிக் கேளுங்க."

"உள்ளயா!"

அவர் இரண்டடி பின்னால் நகர்ந்த சத்தம் கேட்டது. ஹாரன் மூன்றாவது தடவை விடாமல் அடித்தது. போர்வை இல்லாமல் மலையில் ஒரு இரவு தங்குவதா, தன் காதாலேயே கேட்டுவிட்ட பதிலை நம்புவதா என்று சித்தப்பா யோசித்திருக்க வேண்டும்.

"ஊருக்கு வா, வச்சுக்கிர்றேன்!" என்று கதவுக்குச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் இறங்கிப் போன பிறகுதான் கொடி நீண்டது. நஞ்சு தானாக வந்து கைகளில் விழுந்தது. தட்டில் விரித்து, ஒவ்வொரு மடலாகப் பொருத்திப் பார்த்தேன். முழுசாக இருந்தது.

டியூட்டர் கையெழுத்துப் போட்டார். கயிற்றைப் பற்றி இரண்டு நாள் பேசவில்லை. அது என்ன கயிறு, அதை வெட்டியது அங்கே எதற்குச் சமம் என்பதையெல்லாம் ஆயா அவருக்கு எடுத்துச் சொல்லியிருந்தாள். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "பள்ளிக்கு எழுதணும். எழுதினால் ஞான் வெட்டியதும் எழுதணும்" என்றார். எழுதவில்லை. அடுத்த கேஸிலிருந்து மாணவிகளின் கழுத்தையும் சோதிக்கத் தொடங்கினார்.

முகாம் முடிந்து ஊருக்குப் போனேன். பஸ்சை விட்டு இறங்கியதும் பெண்கள் என் நெற்றியைப் பார்த்தார்கள். பொட்டு இருந்தது, அதையும் சந்தேகமாகவே பார்த்தார்கள். வீட்டில் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஏன் என்று எனக்குப் புரிய நேரம் பிடித்தது.

ஜீப்பில் இருந்த அத்தனை பேரும் மாமியாரின் கூப்பாட்டைக் கேட்டிருந்தார்கள். நான் கத்திச் சொன்ன பதிலும் கேட்டிருக்கும். ஆனால் அது கதை இல்லை. நான் மலையில் எவனையோ கட்டிக்கொண்டேன், சில நாளிலேயே தாலி அறுத்தேன் என்பதுதான் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தது. அவன் மரம் விழுந்து செத்தான் என்றார்கள் சிலர். காட்டுயானை என்றார்கள் வேறு சிலர். சித்தப்பா வீடு வீடாகப் போய் மறுத்தார். அவர் மறுக்க மறுக்க, குடும்பமே சேர்ந்து மூடி மறைக்கிறது என்று ஊர் உறுதிப்படுத்திக்கொண்டது.

தேவாரத்து வீட்டார் ஆள் அனுப்பவில்லை, வரவும் இல்லை. கம்பத்திலிருந்து கேட்டு வந்த இன்னொரு இடமும் எங்கள் தெருவில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிப் போயிற்று. நான் ஒருமுறை அப்பாவிடம் நடந்ததை முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். அவர் நம்பினார். நம்பி என்ன செய்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. நீண்ட நேரம் துண்டை மடித்தார், பிரித்தார்.

"இப்பத்திக்கு எவனும் வரமாட்டான்" என்றார். "போயி அந்தப் படிப்பையாச்சும் முடிச்சுட்டு வா."

அன்றைக்கே பெட்டியை அடுக்கினேன், அவர் மனம் மாறுவதற்குள். மறுநாள் காலையில் அவரே வந்து பஸ்சில் ஏற்றிவிட்டார். பஸ்சு கடைத்தெருவைத் தாண்டும்போது சித்தப்பா டீக்கடை வாசலில் யாரோ ஒருவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு, தாலி வேறு கயிறு வேறு என்று விளக்கிக்கொண்டிருந்தார்.